மலையகத்தில் தங்கமும் கல்லும் அரிக்க நான்கு வழிகள்: எது உங்களுக்கு ஒத்துவரும்?

அரிசியில் கல் அரிக்கத் தெரிந்த கைக்குத் தங்கம் அரிப்பது புது வித்தை இல்லை. சட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்து ஆட்டினால் இலேசானது மேலே வந்து வழியும், பாரமானது அடியில் தங்கும். அரிசியில் வழிவதை வைத்துக்கொண்டு தங்குவதைக் கொட்டுகிறோம். தங்கத்தில் அதற்கு நேர்மாறு. ஆகவே மலையகத்தில் இந்த ஆசை வந்தவருக்குக் கைப்பழக்கம் பெரிய தடை அல்ல. எந்தத் தண்ணீரில், யாருடைய மண்ணில், யாருடைய அனுமதியோடு அரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யூடியூப்பில் பார்க்கிற காணொளிகள் இந்த இடத்தில் ஆளைத் தடுமாற வைக்கின்றன. நியூசிலாந்தின் அரோடவுனில் ஆற்றோரம் குந்தியிருந்து தட்டு ஆட்டுகிறவர், அதற்கென்று அரசு ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் ஆட்டுகிறார். அங்கே கைத்தட்டுக்கும் மண்வெட்டிக்கும் தனி அனுமதி தேவையில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிறு கட்டணம் கட்டி, கைக்கருவிகளால் தேடும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளலாம். இலங்கைச் சட்டத்தில் பொழுதுபோக்குக்காரருக்கென்று அப்படி ஒரு கதவு இல்லை. தட்டு சிறிதா பெரிதா, விற்கப் போகிறோமா அலமாரியில் வைக்கப் போகிறோமா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

## முதலில் ஒரு தெளிவு: தங்கமா, கல்லா?

மத்திய மலைநாட்டின் பாறை மிகப் பழைய உருமாறிய பாறை. ஆற்று மண்ணில் தங்கம் துகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படலாமே தவிர, தேடிப் போகும் அளவுக்கு இல்லை. ஓடைத் தரையில் வெயில் பட்டுப் பளபளப்பது அநேகமாக மைக்கா. ஓர் ஊசியால் அழுத்திப் பாருங்கள். தங்கம் நசுங்கும், மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், பொன்போல் மினுங்கி ஏமாற்றும் பைரைட்டு பொடியாகும். கையால் நிழல் கட்டிப் பார்த்தாலும் தங்கத்தின் நிறம் மாறாது. மைக்காவின் மினுக்கம் அணைந்துவிடும்.

இங்கே உண்மையில் இருப்பது மாணிக்கக்கல். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் களிமண்ணுக்கும் வண்டலுக்கும் அடியில், கல் விளையும் சரளைப் படை கிடக்கிறது. அதற்குத் தொழிலில் 'இல்லம்' என்று பெயர். அதை அரித்து முடித்தபின் கூடையில் மிஞ்சும் பாரமான பொடிக்கல்லை 'நம்புவ' என்பார்கள். நீலக்கல், ஸ்பினல், சேர்க்கோன், கார்னெட், புஷ்பராகம் எல்லாம் அந்த நம்புவவில்தான் அகப்படும்.

தங்கத்தையும் கல்லையும் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் கவனிக்கின்றன. தங்கம் உட்பட்ட கனிமங்களுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டம். அதன்படி கனிமம் குடியரசின் சொத்து. மேல்மண் உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். தேடுவதற்கும் தோண்டுவதற்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாணிக்கக்கல்லுக்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டமும், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையும். அகழ்வதற்கு ஓர் அனுமதிப்பத்திரம், வியாபாரத்துக்கு வேறொன்று.

## எதை வைத்து எடைபோடுவது

நாம் இங்கே பார்க்கப்போவது ஐந்து விடயங்கள். சட்டப்படி செய்யலாமா. மண் யாருடையது. தண்ணீருக்கும் சரிவுக்கும் என்ன ஆகும். கையை விட்டுப் போகும் காசு எவ்வளவு, அதில் வெளியே தெரியாதது எது. கடைசியாக, கண்ணாலும் கையாலும் உண்மையில் என்ன கற்றுக்கொள்வோம். கல் கிடைக்குமா என்பதை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதை வைத்து முடிவெடுப்பவர்தான் இரவில் மண்வெட்டியோடு ஓடையில் இறங்குகிறார்.

## வழி 1: ஓடை, ஆறு, பூங்கா

சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது. பொது ஓடையின் படுகையும் அதன் ஒதுக்குக் காணியும் அரசுடையது. உங்கள் காணியின் எல்லை ஓடை வரை வந்தாலும் படுகை உங்கள் காணி உறுதிப் பத்திரத்துக்குள் வராது. தேசியப் பூங்காக்களில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கே சுரங்கத்துக்கோ வேறெதற்கோ மண்ணைக் கிளற இடமில்லை. சிவனொளிபாதமலை வனமும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் ஹோட்டன் சமவெளியோடு சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடங்கள். ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஒரு கைப்பிடிச் சரளையை எடுத்துப் பார்ப்பதுகூட வேண்டாம். நுவரெலியா விக்டோரியா பூங்கா, ஹக்கலை தாவரவியல் பூங்கா போன்ற பூங்காக்களில் ஓடும் வாய்க்கால்களும் அரிப்பதற்கு உரியவை அல்ல.

தண்ணீர். இந்த வழியை நாங்கள் முழுதாக நிராகரிப்பதற்குச் சட்டத்தை விடப் பெரிய காரணம் இதுதான். கெசல்கமுவ ஓயா பொகவந்தலாவை, நோர்வூட் வழியாக வந்து காசல்ரி நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்குகிறது. பிறகு களனி ஆறாகி, கொழும்புப் பக்கத்து வீடுகளின் குழாய் வரை போகிறது. ஓயாவின் கரையைக் குடைந்து சட்டவிரோதமாக மாணிக்கக்கல் அகழ்வதால் சேறு நீர்த்தேக்கத்தில் படிகிறது என்பது பல ஆண்டுகளாக எழும் முறைப்பாடு. ஒரு தட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அரிப்பவர் தட்டோடு நிற்பதில்லை. மேல் மணலில் ஒன்றும் கிடைக்காது, இல்லம் கரைக்கு அடியில் இருக்கிறது. எனவே கரையைக் குடைகிறார். கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர் போகிறது. அடுத்த மழையில் கரை சரிகிறது. தோட்டத்துக்குக் குடிநீர் எடுக்கும் பீலி கலங்கலாகிறது. மீன் முட்டையிடும் சரளை இடுக்குகள் சேற்றால் அடைபடுகின்றன.

மறைவான செலவு. பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் இந்தப் பள்ளத்தாக்குகளில் அடிக்கடி சுற்றிவளைப்பு நடத்துகிறார்கள். அரிப்புக்கூடை, மண்வெட்டி, நீர்ப்பம்பி எல்லாம் வழக்குப் பொருளாகிவிடும். வேலைநாள் இழப்பு, வழக்கறிஞர் காசு, தண்டம், பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது வரும் சிக்கல் என்று கணக்கு நீளும். வெளிநாட்டு வேலைக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

எப்போது நல்லது? அரிப்பதற்கு எப்போதும் இல்லை. பார்ப்பதற்குத் தாராளமாக நல்லது. ஆறு வளையும் இடத்தின் உள்பக்கத்தில் சரளை எப்படித் தங்குகிறது, பெரிய கல்லுக்குப் பின்னால் பாரமான கருமணல் எப்படிக் கோடு கட்டுகிறது என்று நின்று பாருங்கள், படம் எடுங்கள். மண்ணை அங்கேயே விடுங்கள்.

## வழி 2: சொந்தக் காணியில் அனுமதிப்பத்திரம்

சட்டம், மண். உறுதி உள்ள காணி, கூட்டுரிமை என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதம், பிரதேசத்துக்குரிய அதிகாரசபை அலுவலகத்தின் களப் பரிசோதனை, குழியை மூடுவதற்கான வைப்புப் பணம். இவை சரியானால் கிடைப்பது ஓராண்டு அனுமதிப்பத்திரம். பெக்கோ போன்ற இயந்திரம் இறக்குவது வேறு கதை, அதற்குச் சுற்றாடல் அனுமதி தனி.

தோட்டத்தில் இருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாகக் கொத்திப் பயிர் செய்த துண்டு என்றாலும், உறுதி இல்லாவிட்டால் அது சட்டத்தின் பார்வையில் உங்கள் காணி அல்ல. தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1970களில் அரசுடைமையாகி, 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வாயால் 'சரி' என்று சொல்வதும் அனுமதி ஆகாது. அரச காணியில் கல் எடுக்கும் உரிமையை அதிகாரசபைதான் ஏலத்தில் விடும். அந்த மண்ணைக் கொத்திக் காய்கறி விளைவித்தவருக்கு அதன் அடியில் உள்ள கல்லில் ஒரு பங்கும் இல்லை என்பது நெஞ்சை அறுக்கிற விடயம்தான். ஆனால் அதை மண்வெட்டியால் தீர்க்கப் போனால் நீதிமன்றத்தில் நிற்பதும் அவர்தான்.

மறைவான செலவு. அனுமதிக் கட்டணம் இதில் சிறிய பகுதி. குழி இறக்க ஆள் வேண்டும். பங்குக்கு வேலை செய்கிறவர்களுக்கும் கல் கிடைக்கும் வரை சாப்பாட்டுச் செலவு கொடுக்க வேண்டும். பக்கச் சுவர் விழாமல் இருக்க மரச்சட்டம், சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையில் அடைக்கப் பன்னம் இலை, ஊற்றுத் தண்ணீரை இறைக்க நீர்ப்பம்பி, அதற்கு எரிபொருள். தொடர்ந்து இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறு இறங்கும், அங்கே சண்டை தொடங்கும். பெற்றோல் பம்பியைக் குழிக்குள் இறக்கி ஓட்டுவது உயிரைக் குடிக்கும் தவறு. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, கீழே நிற்பவர் மயங்கி விழும்வரை தெரியாது. பம்பி மேலே, குழாய் மட்டும் கீழே. தேங்கிய தண்ணீரில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் வெட்டுக் காயம் இருந்தால் ஆறும்வரை இறங்க வேண்டாம்.

சரிவு. காணி மலைச்சரிவில் இருந்தால் எங்கள் ஆலோசனை: வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்ணை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. சரிவின் அடியை வெட்டுவதும், வெட்டிய குழியில் மழைநீர் தேங்கி ஊறுவதும் மண் நழுவுவதற்கு வழி செய்யும் இரண்டு காரியங்கள். பள்ளத்தாக்கின் சமதரையில் காணி இருந்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

எப்போது நல்லது? சமதரையில் உறுதிக் காணி, அக்கம்பக்கத்துக் குழிகளில் இல்லம் வந்த அடையாளம், ஓராண்டில் போட்ட பணத்தை முழுதாக இழந்தாலும் வீடு ஆடாத நிலை. இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும். இது பொழுதுபோக்கு அல்ல, தொழில். கடன் வாங்கிச் செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள்.

## வழி 3: அனுமதி பெற்ற குழிக்குப் பார்வையாளராக

இரத்தினபுரிப் பக்கத்தில் வந்தவர்களுக்குக் குழி காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாகவும், ஹப்புத்தளைப் பக்கமிருந்து பெரகலை, பலாங்கொடை, பெல்மதுளை வழியாகவும் இரத்தினபுரி போகலாம். விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பார்த்துத் திரும்பலாம்.

போகுமுன் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நடப்பு ஆண்டின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா. இருந்தால் காட்டத் தயங்கமாட்டார்கள். இரண்டு, அரிக்கும் நாள் எது. குழியிலிருந்து ஏறிய இல்லத்தைக் குவித்து வைத்து ஒரு நாளில் மொத்தமாக அரிப்பார்கள். மற்ற நாளில் போனால் சேற்று வாளி ஏறி இறங்குவதை மட்டுமே பார்ப்பீர்கள்.

அரிக்கும் நாளில் கூடை பிடிப்பவரின் கையைப் பாருங்கள். கூடை தண்ணீரில் பாதி அமிழ்ந்து சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு எத்து. அந்த எத்தில் இலேசான சரளை விளிம்பைத் தாண்டிப் போகிறது. நம்புவ ஆனபிறகு கூடையைச் சரித்து வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே விரலால் கிளறித் தேடுவார்கள். அந்த நேரம் கை நீட்டக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பங்காளர்கள் எல்லோருடைய கண்ணும் அந்தக் கூடையில் இருக்கிறது.

மறைவான செலவு. பயணமும் வழிகாட்டிக் காசும் தெரிந்த செலவு. தெரியாத செலவு, திரும்பும் வழியில் கைக்குள் வைத்துக் காட்டப்படும் 'இப்போதுதான் எடுத்த கல்'. செயற்கை நீலக்கல்லும் நிறக் கண்ணாடியும் ஆற்றுக்கல் போலத் தேய்க்கப்பட்டு விற்கப்படுகின்றன. சோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். குழிக்குள் இறங்கச் சொன்னாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் மேலேயே நில்லுங்கள்.

எப்போது நல்லது? கல் எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க ஆசை, சொந்தக் காணி இல்லை, ஒரு நாள் ஒதுக்க முடியும் என்றால் இதுவே முதல் தெரிவு. வழி 2இல் பணம் போட நினைப்பவரும் முதலில் நான்கைந்து அரிக்கும் நாட்களைப் பார்த்துவிட வேண்டும். வெறும் கூடையோடு முடிகிற நாட்கள் எத்தனை என்று அப்போது புரியும்.

## வழி 4: வீட்டு முற்றத்துத் தொட்டி

இதை விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். கைப்பழக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் எத்தனை இழந்தீர்கள் என்று எண்ணிச் சொல்லக்கூடிய ஒரே வழி இது.

தேவை. ஹார்ட்வெயார் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கிய ஆற்று மணல் 10 லீற்றர் வாளி ஒன்று, அகலமான பேசின் இரண்டு, சுமார் 10 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர் கண் உள்ள சல்லடைகள், 35 சென்ரிமீற்றர் அகலத் தட்டு. தட்டுக்குப் பதில் விளிம்பு சாய்ந்த எவர்சில்வர் தாம்பாளமும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இல்லையேல் நுண்துகள் நீர்மேல் மிதந்து போய்விடும். தூண்டில் ஈயக்குண்டுகளைச் சுத்தியலால் தட்டி 2 மில்லிமீற்றர் அளவில் பத்துத் துண்டு நறுக்கிச் சிவப்பு நெயில் பொலிஷ் பூசி வையுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

முறை. மணலை இரு சல்லடையிலும் சலித்து மூன்று அளவாகப் பிரியுங்கள். இந்தப் படியைத் தாண்டுகிறவர்களுக்குக் கல் அகப்படாது. காரணம் இது: தண்ணீருக்குள் தங்கம் அதே அளவு வெண்மணலைப்போல் சுமார் பதினொரு மடங்கு கனக்கிறது. நீலக்கல்லோ இரண்டு மடங்கைக்கூட எட்டாது. தங்கத்தின் கனம் பல தவறுகளை மன்னிக்கும். கல்லில் மன்னிப்பு இல்லை. பெரிய வெண்கல்லும் சிறிய நீலக்கல்லும் ஒரே கூடையில் இருந்தால் நீலக்கல்தான் வெளியே போகும்.

2 மில்லிமீற்றருக்குக் கீழுள்ள மணலில் ஈயத் துண்டுகளைக் கலந்து, தட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். நீருக்குள் அமிழ்த்திக் களிக்கட்டிகளை விரலால் கரையுங்கள். கரையாத களிக்கட்டி உருளும்போது பாரமான துகளை ஒட்டிக்கொண்டு போகும். பிறகு தட்டை மட்டமாகப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் வேகமாக ஆட்டுங்கள். இப்போதுதான் பாரமானது அடியில் இறங்குகிறது. முன்பக்கம் சற்றுச் சரித்து, நீரில் முக்கி எடுத்து, மேல்மணலை வழிய விடுங்கள். நான்கைந்து முக்குக்கு ஒரு தடவை மறுபடி மட்டமாக்கி ஆட்ட வேண்டும். இழப்பில் பெரும்பகுதி இந்த மறு ஆட்டை மறப்பதால் வருகிறது. ஒரு மேசைக்கரண்டி கருமணல் மிஞ்சியதும் நிறுத்தி எண்ணுங்கள். பத்துக்கு ஒன்பது தொடர்ந்து மூன்று தடவை வந்தால் கை பழகிவிட்டது. ஏழுக்குக் கீழே வந்தால் சரிவைக் குறையுங்கள்.

கருமணலில் பொலித்தீனில் சுற்றிய காந்தத்தை ஓட்டினால் மக்னரைட்டு என்ற இரும்புத் தாது ஏறிவரும். மிச்சத்தில் சிவப்பாக மினுங்குவது பெரும்பாலும் கார்னெட். மலையகப் பாறையில் அது நிறைய உண்டு. உருப்பெருக்கியில் பார்க்கும் பிள்ளைக்கு அது ஒரு பொக்கிஷம். ஆனால் பாரமான கருமணலைச் சேர்த்துப் படுக்கையறையில் போத்தல் போத்தலாக வைக்க வேண்டாம். மொனசைட்டு போன்ற கதிர்வீச்சுள்ள மணிகளும் அதில் இருக்கும். கதிர்வீச்சுள்ள தோரியனைட்டு என்ற கனிமத்தை ஆனந்த குமாரசுவாமி 1904இல் கண்டதே சப்ரகமுவப் பக்கத்து மாணிக்கக்கல் சரளையில்தான். ஈரமாகக் கையாண்டு, பார்த்து முடித்ததும் மணலோடு மணலாகக் கலந்துவிடுங்கள். தங்கத் துகளைப் பிடிக்கச் சிலர் சேர்க்கும் பாதரசம் எந்த நிலையிலும் வேண்டாம்.

மறைவான செலவு. கழுவிய கலங்கல் நீர்தான். அதைக் கானுக்குள் ஊற்றினால் ஓடைக்குத்தான் போகும். ஒரு பீப்பாயில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, தெளிந்ததை அடுத்த அரிப்புக்கும், அடிச்சேற்றைப் பூந்தோட்டத்துக்கும் எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | அனுமதி | தெரியாமல் வரும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| ஓடை, பூங்கா | பொழுதுபோக்குக்குக் கிடையாது | வழக்கு, கருவி பறிமுதல், கலங்கிய குடிநீர் | அரிக்க யாருக்கும் இல்லை |
| சொந்தக் காணி | ஓராண்டு அனுமதிப்பத்திரம் | மரச்சட்டம், பம்பி, சாப்பாடு, குழி மூடல், அயலவர் கிணறு | சமதரை உறுதிக் காணியும் இழக்கக்கூடிய முதலும் உள்ளவர் |
| அனுமதிக் குழி | குழிக்காரரிடம் இருக்க வேண்டும் | போலிக் கல் | பார்த்துக் கற்க விரும்புபவர் |
| வீட்டுத் தொட்டி | வாங்கிய மணலின் பற்றுச்சீட்டு | கலங்கல் நீர் | தொடங்குபவர், ஆசிரியர், பிள்ளைகள் |

## எங்கள் தெரிவு

பெரும்பாலானோருக்கு நான்காவதில் தொடங்கி மூன்றாவதுக்குப் போவதே சரி. தொட்டியில் ஒரு மாதம் கை பழகியபின் இரத்தினபுரி போனால், கூடைக்காரரின் எத்து எதற்கு என்று கேட்காமலே புரியும். பெருமழைக் காலத்தில் குழிகள் நீர் நிரம்பி நிற்கும். ஆதலால் நாளைத் தொலைபேசியில் உறுதி செய்துவிட்டுக் கிளம்புங்கள். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, மாற்று உடை, அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ, பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று. கல் வாங்குவதற்கான காசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.